அமெரிக்க கவுன்டி கோர்ட்டிலிருந்து விவாகரத்துத் தீர்ப்பின் நகலைப் பெறுவது: என் அனுபவம்

கலிஃபோர்னியாவில் விவாகரத்தாகி, பிறகு வேலை மாறி டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்து மறுமணம் செய்துகொள்ள முடிவெடுத்தபோது, அந்த விவாகரத்து நடந்ததற்கான காகிதம் ஒன்றுகூட என் கையில் இல்லை. வீடு மாற்றிய சமயத்தில் வந்து சேராமல் போன பெட்டிகளில் ஒன்றில் அந்தக் கோப்பும் இருந்தது. என் வழக்கறிஞர் ஓய்வுபெற்று அலுவலகத்தையே மூடிவிட்டிருந்தார். மிஞ்சியிருந்தது, தீர்ப்பு பதிவாகிவிட்டது என்றும் வாழ்த்துகள் என்றும் அவர் எழுதிய இரண்டு வரி மின்னஞ்சல் மட்டும்தான். விவாகரத்துக்கு வாழ்த்துச் சொல்லும் ஊர் அது. அந்த மின்னஞ்சலில் வழக்கு எண் இல்லை, எந்த நீதிமன்றம் என்ற குறிப்பும் இல்லை. முன்னாள் கணவரிடம் கேட்டிருக்கலாமே என்று பலர் சொன்னார்கள். அவரோடு பேச்சு நின்று வெகுகாலமாகிவிட்டது. இன்னொரு திருமணத்துக்காக அவரிடம் போய்க் காகிதம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

திருமணம் கோயம்புத்தூரில் என்று முடிவாகியிருந்தது. திருமணப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று மாப்பிள்ளையின் அண்ணன் அங்கே ஓர் ஆவண எழுத்தரிடம் விசாரித்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "கோர்ட் முத்திரை வெச்ச காப்பி வேணுமாம்மா, அதுக்கு மேல அப்போஸ்டில்னு ஒண்ணு இருக்கணுமாம். சும்மா பிரிண்ட் எடுத்தது செல்லாதுங்கறாங்க." அப்போஸ்டில் என்பது ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று வெளிநாட்டில் காட்டுவதற்காக அரசு இணைத்துத் தரும் சான்று. ஒரு வாரத்தில் அனுப்பிவிடுகிறேன் அண்ணா என்று நான் நம்பிக்கையோடுதான் சொன்னேன். எல்லாவற்றையும் இணையத்தில் முடித்துக்கொள்ளும் நாட்டில் இதற்கு மட்டும் எவ்வளவு காலம் ஆகிவிடப் போகிறது என்று அப்போது தோன்றியது. ஒரு குளிர்காலம் முழுவதும் அதிலேயே போயிற்று.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அமெரிக்காவில் விவாகரத்துகளுக்கென்று நாடு தழுவிய பதிவேடு எதுவும் கிடையாது என்பது. மாநில அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தில் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள், ஏனென்றால் பிறப்புச் சான்றிதழை அங்கேதான் வாங்கியிருப்பார்கள். கலிஃபோர்னியாவின் மாநில அலுவலகத்தில் இருப்பது 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளின் குறிப்பு மட்டுமே. அதற்கும் அவர்கள் தருவது விவாகரத்து நடந்தது என்று சொல்லும் சான்றிதழ்தான். நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பின் நகல் அல்ல. நான் இப்போது வசிக்கும் டெக்சாஸில் 1968 முதலான விவாகரத்துகளுக்கு மாநில அலுவலகம் ஒரு சரிபார்ப்புக் கடிதம் தரும், தீர்ப்பைத் தராது. எந்த மாநிலமானாலும், விவாகரத்து எங்கே நடந்ததோ அங்கே இருக்கிறது கோப்பு. கலிஃபோர்னியாவில் 58 கவுன்டிகள் (நம் ஊர் மாவட்டம் போன்றவை), ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். அதன் குடும்ப வழக்குப் பிரிவின் கிளார்க் அலுவலகம்தான் நாம் போய் நிற்க வேண்டிய இடம். திருமணச் சான்றிதழ் தருகிற கவுன்டி கிளார்க்-ரெக்கார்டர் அலுவலகம் இதிலிருந்து வேறுபட்டது. பெயரில் கிளார்க் என்று இருப்பதால் பலர் அங்கே வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள்.

நீதிமன்றத்துக்குப் போவதற்குமுன் என் பணத்தைத் தின்ற ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விவாகரத்துப் பதிவு என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை அரசுத் தளங்களே அல்ல. நீதிமன்ற முத்திரையைப் போன்ற ஒரு படத்தைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, பெயரையும் மாநிலத்தையும் கேட்டு, பத்து நிமிடம் தேடுவதுபோல் பாவனை காட்டிவிட்டு, உங்கள் பதிவு கிடைத்துவிட்டது என்று அறிவித்துப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் அவை. நான் பணம் கட்டிய தளம் 30 டாலருக்குப் பக்கத்தில் வாங்கிக்கொண்டு, நான் குடியிருந்த முகவரிகளையும், என்றோ வைத்திருந்த தொலைபேசி எண்களையும், எனக்கு யாரென்றே தெரியாத இரண்டு "உறவினர்களின்" பெயர்களையும் தந்தது. விவாகரத்து என்ற தலைப்பின் கீழ், பதிவு இருக்கக்கூடும் என்று ஒரு வரி. அதோடு மாதச் சந்தா தானாகத் தொடங்கியிருந்ததை வங்கிக் கணக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எனக்கு வந்த கோபத்தில், இந்தத் தளங்களால் சான்றிட்ட நகல் தரவே முடியாது என்பதை முதலில் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. முத்திரையும் கிளார்க்கின் கையெழுத்தும் நீதிமன்றத்தில் மட்டுமே விழும். நீதிமன்றத் தளத்தை அடையாளம் காண எளிய வழி, கலிஃபோர்னிய நீதித்துறையின் பொதுத்தளத்தில் நகரின் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ கொடுத்து, அங்கிருந்து அந்தக் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போவதே.

அடுத்த கேள்வி எந்தக் கவுன்டி என்பது. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வசிக்கும் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மட்டும் ஒன்பது கவுன்டிகள் இருக்கின்றன. ஃப்ரீமான்ட் அலமீடா கவுன்டியைச் சேர்ந்தது, அதை ஒட்டிய மில்பிடாஸ் சான்டா கிளாரா கவுன்டியைச் சேர்ந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே காரில் போகிறவருக்கு எல்லை கடந்ததே தெரியாது. விவாகரத்து மனுச் செய்ய, கணவன் மனைவி இருவரில் ஒருவராவது அந்த மாநிலத்தில் ஆறு மாதமும் அந்தக் கவுன்டியில் மூன்று மாதமும் வசித்திருக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியச் சட்டம். எனவே சேர்ந்து வாழ்ந்த வீடு எந்தக் கவுன்டியில் இருந்தது என்பதைவிட, பிரிந்தபின் மனுச் செய்தவர் எங்கே குடியிருந்தார் என்பதுதான் முக்கியம். எங்கள் வழக்கில் மனுதாரர் என் முன்னாள் கணவர்; பிரிந்தவுடன் அவர் அடுத்த கவுன்டியில் ஓர் அபார்ட்மென்டுக்குப் போயிருந்தார். கையெழுத்து, சமரச ஒப்பந்தம் எல்லாமே வழக்கறிஞர்கள் மூலமாக முடிந்ததால் நான் அந்த நீதிமன்றக் கட்டடத்தின் வாசலைக்கூட மிதித்தது இல்லை. நாங்கள் குடியிருந்த கவுன்டியின் பெயர்ப் பட்டியலில் எதுவும் இல்லை என்று தெரிந்த இரவில், ஒருவேளை அந்த விவாகரத்து சட்டப்படி முடியவே இல்லையோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. சட்டத்தின் கண்ணில் நான் இன்னும் அவர் மனைவிதானோ என்று எண்ணியபடி விடியும்வரை விழித்திருந்தேன்.

கவுன்டி சரியாக அமைந்த பிறகும் என் பெயர் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் தமிழர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனெனில் சிக்கல் நம் பெயர்களில் இருக்கிறது. நீதிமன்றப் பட்டியல் குடும்பப் பெயரின் வரிசையில் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. என் முதல் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் இருந்தது. திருமணத்துக்குப் பிறகு புதுப்பித்ததில் கணவரின் பெயர் ஏறியது. ஓட்டுநர் உரிமத்தில் இரண்டும் முன்பின்னாக இருந்தன. அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக ஏற்றிவிட்டு, முதற்பெயர் தெரியாது என்பதற்கான எஃப்என்யு என்ற மூன்று எழுத்துகளைப் பெயர்போல் போட்டுவிடுவார்கள். என் பெயரை எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் போட்டுப் பார்த்துச் சோர்ந்து, கடைசியில் அவர் பெயரைக் குடும்பப் பெயராகவும் எஃப்என்யுவை முதற்பெயராகவும் கொடுத்தபோது வழக்கு வந்தது. எதிர்மனுதாரராக என் பெயர், நடுவில் ஓர் எழுத்து விடுபட்டு. ஆகவே தேடும்போது இருவர் பெயரிலும் தேடுங்கள். அப்பா பெயர், கணவர் பெயர், இனிஷியலை விரித்த பெயர், விரிக்காத பெயர், ஒற்றைப் பெயர் என எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அன்றைய விசாவிலும் உரிமத்திலும் இருந்த எழுத்துக்கூட்டல்தான் முதலில் பயன்படும். இன்றைய பாஸ்போர்ட்டில் உள்ளது உதவாமல் போகலாம்.

பெயர்த் தேடலைச் சில கவுன்டிகள் இணையத்தில் இலவசமாக விடுகின்றன, சில கட்டணம் வாங்குகின்றன, சிலவற்றில் கிளார்க்தான் தேடித் தர வேண்டும். கிளார்க் தேடி, அது பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் 15 டாலர் கட்டணம். வழக்கு எண் கையில் இருந்தால் இந்தப் படலமே தேவையில்லை, ஆகவே அதை வேறு வழியில் கண்டுபிடிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வழக்கறிஞர் அனுப்பிய பழைய ரசீதுகள், தீர்ப்பு பதிவானதும் நீதிமன்றம் இரு தரப்புக்கும் தபாலில் அனுப்பும் எஃப்எல்-190 என்ற அறிவிப்பு, ஓய்வூதியக் கணக்கைப் பிரித்திருந்தால் அதை நிர்வகிக்கும் நிறுவனத்திடம் உள்ள நீதிமன்ற உத்தரவு, வீட்டுக்கடனைப் புதுப்பித்தபோது வங்கிக்குக் கொடுத்த காகிதங்கள், விவாகரத்துக்குப் பின் குடியேற்றத்துறைக்கு ஏதாவது விண்ணப்பித்திருந்தால் அதன் இணைப்புகள் ஆகியவற்றில் அந்த எண் இருக்கக்கூடும்.

வழக்கு எண் கிடைத்துவிட்டால் தீர்ப்பை இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். கலிஃபோர்னியாவில் குடும்ப வழக்குகளின் ஆவணங்களைப் பொதுமக்கள் வெளியிலிருந்து இணையத்தில் பார்க்க நீதிமன்ற விதி இடம் தருவதில்லை. எந்தத் தேதியில் என்ன தாக்கலானது என்ற பட்டியலைப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் நேரில் போனால் கதை வேறு. குடும்ப வழக்குக் கோப்பு பொதுவாகப் பொதுப் பதிவு. யார் வேண்டுமானாலும் கவுன்டரில் வழக்கு எண்ணைச் சொல்லிக் கேட்டுப் படிக்கலாம். என் சம்பளம், கடன்கள், நகைக் கணக்கு, பிரிவதற்கு முந்தைய மாதங்களில் இருவரும் எழுதிக் கொடுத்தவை எல்லாம் அங்கே ஒரு கோப்பில் இருக்கின்றன, முன்பின் தெரியாத ஒருவர் அதைப் புரட்டலாம் என்பது எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்றும் அந்த உணர்வு முழுவதுமாகப் போகவில்லை. நியூயார்க்கில் இப்படி இல்லை. அங்கே வழக்கின் தரப்பினரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் தவிர மற்றவர்களுக்கு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல், விவாகரத்துக் கோப்பைக் காட்டமாட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு நியூயார்க்கின் முறைதான் சரி என்று படுகிறது.

டெக்சாஸிலிருந்து நேரில் போக விமானச் செலவு கட்டுப்படியாகாது என்பதால் தபாலில் கேட்டேன். கடிதத்தில் இரு தரப்பின் பெயர், வழக்கு எண், ஏறக்குறைய எந்த ஆண்டு, எந்த ஆவணம், எத்தனை நகல் என்பவை இருக்க வேண்டும். விவாகரத்துக் காகிதம் என்று பொதுவாக எழுதினால் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தருவார்கள். கேட்க வேண்டியது எஃப்எல்-180 என்ற எண்ணுள்ள தீர்ப்புப் படிவமும் அதன் இணைப்புகளும். அது சான்றிட்ட நகலாக வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். மேலே "தாக்கலானது" என்ற ரப்பர் முத்திரை மட்டும் உள்ள பிரதி சான்றிட்ட நகல் ஆகாது. கடைசிப் பக்கத்திலோ பின்பக்கத்திலோ இது மூலத்தின் உண்மையான நகல் என்ற வாசகமும், கிளார்க்கின் கையெழுத்தும், நீதிமன்ற முத்திரையும் இருக்க வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு 15 டாலர், மற்ற ஆவணங்களுக்குச் சான்றிட 40 டாலர், படியெடுக்கப் பக்கத்துக்கு 50 சென்ட் என்பது நான் கட்டியபோது இருந்த விகிதம். அனுப்புவதற்குமுன் அந்த நீதிமன்றத்தின் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் தீர்ப்போடு இணைக்கப்பட்டிருந்தால் பக்கங்கள் முப்பதைக்கூடத் தாண்டும். எங்களுடையது அப்படித்தான் இருந்தது, அது தெரியாமல் குறிப்பிட்ட தொகைக்கு நான் எழுதிய காசோலை பற்றாமல் உறை அப்படியே திரும்பி வந்தது. அதற்குள் கோப்பு வெளிக்கிடங்கிலிருந்து வர வேண்டும் என்ற தாமதமும் சேர்ந்திருந்தது. பல நீதிமன்றங்கள், தொகையை எழுதாமல் விட்டு, இத்தனை டாலருக்கு மிகாமல் என்று குறித்த காசோலையை ஏற்றுக்கொள்கின்றன. முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு அப்படி அனுப்புங்கள். தபால்தலை ஒட்டி நம் முகவரி எழுதிய உறையையும் உள்ளே வைக்க வேண்டும். தொலைபேசியில் பேசிய கிளார்க் பெண்மணி பொறுமையாகவே பதில் சொன்னார், ஆனால் அவர்கள் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது என்பதால், எனக்கு எந்தக் காகிதம் தேவை என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. அந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஒவ்வொரு கவுன்டி நீதிமன்றத்திலும் இலவச சுய உதவி மையம் இருக்கிறது.

நகல் கைக்கு வந்த அன்று, முதல் பக்கத்தில் இருந்த தேதியைத்தான் தேடினேன். தீர்ப்பில் இரண்டு தேதிகள் இருக்கக்கூடும். தீர்ப்பு பதிவான தேதி ஒன்று, திருமண உறவு முடிவுக்கு வரும் தேதி இன்னொன்று. எதிர்த்தரப்புக்கு மனு சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து ஆறு மாதம் கழியாமல் கலிஃபோர்னியாவில் திருமண உறவு முடிவதில்லை. தீர்ப்பு முன்னதாகவே பதிவாகியிருந்தாலும் மறுமணத்துக்குக் கணக்கில் வருவது இரண்டாவது தேதிதான். இந்தியாவில் காகிதத்தைப் பார்ப்பவர்கள் முதல் தேதியை எடுத்துக்கொண்டு குழப்புவார்கள், ஆகவே அந்த வரியை நாமே காட்டிக் கொடுப்பது நல்லது.

அப்போஸ்டில் விஷயத்தில் தவறான ஆலோசனைகளுக்குக் குறைவே இல்லை. நோட்டரியிடம் ஜெராக்ஸில் கையெழுத்து வாங்கி டெக்சாஸ் தலைநகருக்கு அனுப்பிவிடலாம், அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு சேவை நிறுவனம் 200 டாலருக்கு மேல் கேட்டது. நீதிமன்றத் தீர்ப்பு எந்த மாநிலத்தின் ஆவணமோ அந்த மாநிலம்தான் அதற்கு அப்போஸ்டில் தர முடியும். கலிஃபோர்னியக் கிளார்க்கின் கையெழுத்து உண்மையா என்று டெக்சாஸுக்குத் தெரியாது அல்லவா. கலிஃபோர்னியாவில் அதைச் செய்வது மாநிலச் செயலர் அலுவலகம். மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவுக்குத் தபாலில் அனுப்பினால் ஆவணத்துக்கு 20 டாலர், எந்த நாட்டுக்கு என்று எழுதிய கடிதம், திரும்பி வர உறை, இவ்வளவே போதும். இந்தியாவில் அப்போஸ்டில் ஒப்பந்தம் 2005 ஜூலை முதல் நடைமுறையில் இருப்பதால், அதற்குமேல் தூதரக முத்திரை எதுவும் தேவையில்லை. சான்றிட்ட நகலின் பக்கங்களைப் பிணைத்திருக்கும் பின்னை ஸ்கேன் எடுப்பதற்காகக்கூடக் கழற்றிவிடாதீர்கள். கழற்றிய தடம் தெரிந்தால் ஏற்க மறுப்பார்கள்.

அப்போஸ்டில் உறுதிசெய்வது கையெழுத்தையும் முத்திரையையும் மட்டும்தான். அந்த வெளிநாட்டுத் தீர்ப்பு இந்தியச் சட்டப்படி செல்லுமா என்பது தனிக் கேள்வி. 1991-இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதன்படி, இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் நடந்த திருமணத்தை வெளிநாட்டு நீதிமன்றம் பொதுவாக அந்தச் சட்டத்தில் உள்ள காரணங்களின்மேல்தான் முறிக்க முடியும். ஆனால் இரு தரப்பும் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கும் விவாகரத்துக்கும் சம்மதித்திருந்தால் விதிவிலக்கு உண்டு. எங்களுடைய தீர்ப்பில் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இணைந்திருந்தது எனக்குக் கைகொடுத்தது, அதை அனுப்பாமல் விட்டுவிடலாமா என்று கூச்சத்தில் யோசித்திருந்தேன் என்றாலும். ஒரு தரப்பு வராமலே முடிந்த விவாகரத்து என்றால், தேதி குறிப்பதற்குமுன் தமிழ்நாட்டில் ஒரு வழக்கறிஞரிடம் தீர்ப்பைக் காட்டிவிடுங்கள்.

இதற்குள் முதலில் குறித்த முகூர்த்தம் போய்விட்டது. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் 40,000 ரூபாய் திரும்பவில்லை. விமானச் சீட்டை மாற்ற 700 டாலருக்கு மேல் ஆயிற்று. முறைப்படி கட்ட வேண்டியிருந்த கட்டணங்களை எல்லாம் தபால் செலவோடு கூட்டினாலும் 150 டாலரைத் தாண்டாது. அம்மா இதையெல்லாம் சகுனம் என்று சொல்லத் தொடங்கியதுதான் எனக்குப் பண நட்டத்தைவிடப் பெரிய தலைவலியாக இருந்தது.

பதிவு நாளில் சார்பதிவாளர் தீர்ப்பைவிடப் பெயரைத்தான் அதிகம் துருவினார். தீர்ப்பில் எழுத்து விடுபட்ட பழைய பெயர், பாஸ்போர்ட்டில் புதிய பெயர். இரண்டும் ஒருவரே என்று முன்னதாகவே ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்திருந்ததால் அது அன்றே முடிந்தது. சான்றிட்ட நகல்களில் இரண்டை வாங்கியிருந்தேன். அப்போஸ்டில் இணைந்தது பதிவுக் காகிதங்களோடு போயிற்று. மற்றது இப்போது கணவருக்கான குடியேற்ற விண்ணப்பத்துக்காக என்னிடம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு அதன் ஜெராக்ஸை அனுப்பினால் போதும், விசா நேர்காணலுக்கு மட்டும் அந்த நகலையே அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.